லங்காவிலருந்து ஊருக்கு: போட்டை ஓட்டிக்கிட்டு வரலாமா, கப்பல்ல ஏத்தலாமா, வித்துட்டு வரலாமா

பங்காளி வீட்டுத் தம்பி ஒருத்தன் பினாங்குல ரொம்ப வருசமா வேலை பாத்துட்டு இப்ப மூட்டையக் கட்டிக்கிட்டு காரைக்குடிக்கே வந்துரலாம்னு இருக்கான், சாமான் செட்டெல்லாம் பிரச்சனை இல்ல, பிரச்சனை என்னன்னா லங்காவில ஒரு மரினால, அதாவது படகுகளக் கட்டி வைக்கிற துறைல, அவனோட 32 அடி பாய்மர யாட் ஒன்னு கட்டிக் கெடக்கு. லங்காவி மலேசியாவுல உள்ள வரியில்லாத தீவு, உலகத்தச் சுத்தி வர்றவுக பாதில களைச்சுப்போயி அங்கயே போட்டை வித்துட்டுப் போயிருவாக, அப்படி சல்லிசா வந்தது. இப்ப அதை விட மனசில்ல. "அண்ணே, நம்ம ஐயா காலத்துல பாய்மரத்துலதான வந்தாக போனாக, நான் வரக்கூடாதா"ன்னு கேக்குறான். நான் சரக்குக் கப்பல்ல மேட்டா, அதாவது கேப்டனுக்குக் கீழ உள்ள அதிகாரியா, இருந்தவங்கறதால குடும்பத்துல தண்ணி சம்பந்தமான எல்லாக் கேள்வியும் எங்கிட்டதான் வரும், போர் போட்டா உப்புத்தண்ணி வருதேங்கறது வரைக்கும். அதனால உக்காந்து யோசிச்சு எழுதிட்டேன், இதே மாதிரி யோசனைல வேற யாராச்சும் இருந்தா அவுகளுக்கும் ஆகும்.

முதல்ல காத்து. இது தெரியாம மத்த எதையும் பேசிப் பிரயோஜனம் இல்ல. வங்காள விரிகுடால கெழக்கேருந்து மேக்க வரணும்னா வாடைக்காத்துல வரணும், அதாவது வடகிழக்குப் பருவம். அந்தக் காலத்துல தோணிக கச்சான்லயும் (மேக்காத்து) சோழகத்துலயும் (தெக்காத்து) அந்தப் பக்கம் போயி வாடைல திரும்பி வந்ததும் இதே கணக்குதான், இன்னிக்கும் ஜிபிஎஸ் வந்ததால காத்து மாறிடல. ஆனா வாடைன்ன உடனே நவம்பர்லயே கிளம்பிறக் கூடாது. அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் விரிகுடால புயல் சீசன். கஜா கரையேறுனது 2018 நவம்பர் 16, வேதாரண்யம் பக்கம் ஏறி புதுக்கோட்டை சிவகங்கைன்னு நம்ம பக்கம் வரைக்கும் மரத்தப் பூரா சாச்சுட்டுப் போச்சு. தனுஷ்கோடிய அழிச்சது 1964 டிசம்பர் 22 ராத்திரி. தம்பிக்கு பிள்ளையார் நோன்புக்கு வீட்டுல இருக்கணும்னு ஆசை, அது பெரும்பாலும் டிசம்பர்ல வரும், அவுக ஆத்தா வேற அந்த நோன்புல இழை எடுக்க புள்ள வந்துருவான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சுட்டாக. நோன்புக்கு வரணும்னா ஃப்ளைட்ல வரட்டும், திரும்பிப் போயி தைப்பூசத்துக்கு பினாங்குல வெள்ளி ரதத்தப் பாத்துட்டு அப்புறம் போட்டை எடுக்கட்டும். ஜனவரி கடைசி, பிப்ரவரி, அதான் நாள். அப்ப வாடை 10லருந்து 15, சில நாள் 20 நாட் (ஒரு நாட்டுன்னா மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்), சீரா அடிக்கும், புயல் அபூர்வம். அபூர்வம்னா இல்லவே இல்லன்னு அர்த்தமில்ல, 2023 பிப்ரவரி தொடக்கத்துல ஒரு தாழ்வு மண்டலம் இலங்கைல ஏறுச்சு, அதனால ஃபோர்காஸ்ட் பாக்காம நங்கூரம் எடுக்கக் கூடாது. மார்ச்சுக்குத் தள்ளிப் போட்டா காத்தே படுத்துரும், டீசல்தான் குடிக்கும். 32 அடி போட்ல டேங்க் ஒரு 100 லிட்டர்னு வச்சுக்குங்க, மணிக்கு 2 லிட்டர்னா 50 மணி நேரம், அஞ்சு நாட் வேகத்துல 250 மைல்தான் வரும், கேன்ல எத்தன கட்டிக்கிட்டு வருவீக.

சரி இப்ப வழி. எல்லாரும் பயப்படுறது நடுக்கடலப் பத்தி, எனக்கு நடுக்கடல் மேல அவ்வளவு பயம் இல்ல. நல்ல போட்டு, நல்ல மாசம், தூங்கி எந்திரிச்சு மாறி மாறிப் பாக்குற ஆளு இருந்தா நடுக்கடல் ஓடிரும். எனக்கு யோசனையே நம்ம கரைதான். இந்த மொத்த முடிவையும் நான் கரையிலருந்து பின்னாடி போயிதான் எடுத்தேன், எங்க கொண்டாந்து கட்டப் போறோங்கறத முடிவு பண்ணிட்டா எந்த வழிங்கறது தானா வந்துரும்.

தம்பி முதல்ல சொன்னது தொண்டி. தேவகோட்டைலருந்து பக்கம், அவுக முன்னோரு தோணி ஏறுன எடம், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா போட்டுக்கு அடில கீல்னு ஒரு கனமான தகடு இருக்கு, தண்ணிக்குள்ள 1.7 மீட்டர் எறங்கி நிக்கும், பாக் விரிகுடால கரையோரமெல்லாம் சேறும் கடல்புல்லுமா இடுப்பளவுத் தண்ணி ரொம்ப தூரம் வரைக்கும் போகும். கிட்டயே வர முடியாது. அது போக பன்னாட்டு எல்லைக்கோடு, ரெண்டு நாட்டு நேவி, விசைப்படகுக எறங்குற ராத்திரில வலை மேல வலை, ஒரு கயிறு ப்ரொபெல்லர்ல சுத்துனா முடிஞ்சுது கதை. தெக்கேருந்து வந்தா பாம்பன். 2025 ஏப்ரல்ல தெறந்த புது ரயில் பாலம் நடு ஸ்பான அப்படியே செங்குத்தா 17 மீட்டர் தூக்குது, தம்பி போட்டோட மாஸ்ட் (பாய் கட்டுற கம்பம்) 14, 15 மீட்டர்தான் இருக்கும், ஒயரம் பிரச்சனை இல்ல, ஆனா அனுமதி வாங்கி பாலம் தூக்குற நாளுக்குக் காத்துக் கெடந்து ஆழம் கம்மியான அந்த வாய்க்கால்ல வழிகாட்ட பைலட் வச்சு நொழஞ்சு, வந்து சேருற எடம் மறுபடியும் அதே ஆழமில்லாத விரிகுடா. வேணாம்.

நாகப்பட்டினம்? பினாங்குலருந்து நேர்கோடு போட்டா வர்ற துறை அதான், அந்தக் காலத்துல மலேயாவுக்கு ஆளேத்துன ரஜூலா கப்பல் வந்து நின்ன துறை. ஆனா ரஜூலாவே கரைக்கு வராது, தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும், ஆளுகளையும் பெட்டிகளையும் படகுல ஏத்தித்தான் எறக்குவாக, அப்பத்தா காலத்து ஆளுக யாரக் கேட்டாலும் அந்தப் படகு ஏறி எறங்குற பயத்தச் சொல்லுவாக. காரணம் அது தெறந்த கடல், மறைப்பு இல்ல. வாடை நேரா கரையப் பாத்து அடிக்கும், அலை ஆத்து முகத்துவாரத்துல ஒடையும், பத்து நாள் தூக்கம் கெட்டு வர்ற ஆளு அந்த முகத்துவாரத்த ராத்திரில தேடுறதுங்கறத நெனச்சாலே எனக்கு வயித்தக் கலக்குது. பாய்மரப் படகுக்கு காத்து கரைப்பக்கம் தள்ளுறதவிட மோசமான எடம் கெடையாது, இஞ்சின் நின்னா திரும்பி ஆழத்துக்குப் போறது ரொம்பக் கஷ்டம். இப்ப அங்கருந்து காங்கேசன்துறைக்கு ஓடுற பயணிகள் கப்பலுக்கு சிவகங்கைன்னு நம்ம மாவட்டத்துப் பேருதான் வச்சிருக்காக, அதுல ஏறி ஒரு தடவ போயிட்டு வந்து ஆசையத் தீத்துக்கட்டும்.

சென்னை கொஞ்சம் தேவலாம். உள்ள நொழஞ்சுட்டா துறைமுகச் சுவரு இருக்கு, 1911லருந்து ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கு. ஆனா அது பெரும்பாலும் சின்னப் பந்தயப் படகுகளோட எடம், பெரிய வணிகத் துறைமுகத்துக்குள்ள இருக்கு, ஒவ்வொரு தடவ உள்ள போக வெளிய வர அனுமதி, வருசம் பூரா ஒரு கீல்போட்டை விட்டு வைக்க அவ்வளவு தோதில்ல. சென்னைக்கு வர்ற வழிதான் ரொம்ப அழகு, அதையும் சொல்லணும். லங்காவிலருந்து 500 சொச்சம் கடல் மைல் வடமேக்க வந்தா அந்தமான், போர்ட் பிளேர், 2024லருந்து ஸ்ரீ விஜயபுரம்னு பேரு. அங்க இளைப்பாறி தண்ணி டீசல் புடிச்சுக்கிட்டு மறுபடி 700 மைலுக்கு மேல மேக்க ஓட்டுனா சென்னை. ரெண்டாவது பாதில காத்து பக்கவாட்டுல பின்னாடி வரும், சொகமான ஓட்டம். பெரிய தாண்டலை ரெண்டா ஒடைக்கிறதுங்கறது புதுசா ஓட்டுறவனுக்கு ரொம்பப் பெரிய விசயம், ஏதாச்சும் ஒடஞ்சா நடுவுல சரி பண்ண எடம் இருக்கு. ஆனா மலேசியக் கொடி போட்டு அந்தமான்ல நொழையுறதுன்னா கஸ்டம்ஸ், இமிக்ரேஷன், கோஸ்ட் கார்டு, தெனம் போர்ட் கன்ட்ரோலுக்கு பொசிஷன் சொல்லணும், நிக்கோபார் பக்கம் நங்கூரமே போடக் கூடாது. அவன் இந்திய பாஸ்போர்ட்டுங்கறதால ஆளுக்கு சிக்கல் கம்மி, கூட வர்ற நண்பன் வெள்ளைக்காரன்னா அவனுக்குத் தனி ஃபார்மாலிட்டி. நேரம் நெறைய இருந்து, சும்மா தீவு பாக்கணும்னா இந்த வழியத்தான் சொல்லுவேன். முடிவுல சென்னைல போட்டை எங்க வைக்கிறதுங்கற கேள்வி மட்டும் அப்படியே நிக்குது.

அப்ப மிச்சம் கொச்சி. போல்காட்டித் தீவுல கேரள சுற்றுலாக் கழகத்தோட மரினா இருக்கு, யாட்டுக்குன்னே கட்டுனது, காயலுக்குள்ள மறைப்பா இருக்கு, அலை கெடையாது, கஸ்டம்ஸ் இமிக்ரேஷன் ஆளுகளுக்கு யாட் வர்றது போறது பழக்கம். காரைக்குடிலருந்து மதுரை தேனி வழியா மலை ஏறி எறங்குனா போயிறலாம், வெள்ளிக்கெழம ராத்திரி கிளம்பி ஞாயித்துக்கெழம திரும்பி வர்ற தூரம். ஊருக்குக் கொண்டாரேன்னு சொல்லிட்டு கேரளால கட்டுறதான்னு தம்பி மூஞ்சியத் தூக்குனான். சென்னைக்கும் இங்கருந்து ஒரு ராத்திரி போகத்தான செய்யுது, கேரளான்னா மட்டும் என்ன?

கொச்சின்னு வச்சுக்கிட்டா வழி லங்காவி, இலங்கைல உள்ள காலித் துறைமுகம், கொச்சி. லங்காவிலருந்து காலிக்கு சுமார் 1200 மைல், 32 அடி போட்டு நாளைக்கு 120 மைல் போகும்னா பத்து நாள், கொஞ்சம் முன்னப் பின்ன. முதல்ல மலாக்கா நீரிணையோட வாய்ல மீன்பிடிப் படகு, அப்புறம் கிரேட் நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் நடுவுல உள்ள அகலமான கால்வாய், அதுதான் முதல் சோதனை, உலகத்துக் கப்பல் பூரா அந்த வாசல் வழியாத்தான் மலாக்காவுக்குள்ள போகும் வரும். இந்திரா முனை லைட்ஹவுஸ் அந்தப் பக்கந்தான், 2004 சுனாமில நிலம் எறங்கி இன்னிக்கும் அடி தண்ணில நிக்குது. கப்பல் பாதைய விட்டு ஒரு ஓரமா வரணும், குறுக்க வெட்டுறதா இருந்தா பகல்ல நேர் குறுக்கா வெட்டணும். நான் கப்பல ஓட்டுற பிரிட்ஜ்ல நின்னவன், சொல்றேன், ராத்திரில சின்ன யாட்டோட லைட்டு எங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் மீன்பிடிப் படகுன்னு நெனப்போம், ரேடார்ல அலையோட அலையா மறஞ்சுரும். கப்பல்க தங்களோட எடத்த ரேடியோல ஒன்னுக்கொன்னு சொல்லிக்கிற கருவி ஏஐஎஸ், அதுல அவுக சிக்னல நாம வாங்குறது மட்டும் பத்தாது, நம்மள அவுகளுக்குக் காட்டுற மாதிரி அனுப்பவும் செய்யுற ஏஐஎஸ் வேணும், சிக்னல வெறுமன வாங்குற பெட்டிய வச்சுக்கிட்டு தைரியமா தூங்குற ஆளுக இருக்காக. 15, 20 நாட் வேகத்துல வர்ற கப்பல் அடிவானத்துல லைட்டு தெரிஞ்சதுலருந்து நம்ம மேல வர அரை மணிக்கும் கம்மியான நேரந்தான்.

கால்வாயத் தாண்டிட்டா அப்புறம் ஒரு வாரம் ஒன்னும் இல்ல, நல்ல அர்த்தத்துல ஒன்னும் இல்ல. காத்து வலது பக்கம் பின்னாடிலருந்து, நீரோட்டமும் மேக்க தள்ளும். அப்புறம் இலங்கைக்கு தெக்க தேவேந்திர முனை, அங்க மறுபடி கப்பல் கூட்டம், போறதுக்கு ஒரு பாதை வர்றதுக்கு ஒரு பாதைன்னு பிரிச்சு வச்சிருக்காக, கரைப்பக்கம் ஒதுங்கி வரணும், ஆனா ரொம்ப ஒதுங்குனா லைட்டில்லாத வலை. காலில ஏஜென்ட் மூலமாத்தான் நொழையணும், அந்தக் காசு மனசுக்குக் கசக்கும், குடுத்துட்டுப் போயிறணும்.

காலிலருந்து கொச்சி ஒரு 340 மைல், மூணு நாள், சின்னத் துண்டுன்னு அசால்ட்டா நெனக்கிறது இதைத்தான். மன்னார் வளைகுடா வாய்ல வாடைக்காத்து ரெண்டு நிலத்துக்கும் நடுவுல உள்ள சந்துல நெருக்கிப் பிடிச்சு வெளிய வரும், வெளில 15 நாட்டுன்னா அங்க 25, 30 அடிக்கும், அலை குட்டையா செங்குத்தா வரும். மொத்தப் பயணத்துல ரெண்டு ரீஃப் போட்டுப் பாயைச் சுருக்குற எடம் இதுவாத்தான் இருக்கும். காலில உக்காந்து ஃபோர்காஸ்ட் பாத்து காத்து எறங்குற நாள் வரட்டும்னு இருக்கணும், ஒரு வாரம் ஆனாலும் சரி. கன்னியாகுமரியத் தாண்டிட்டா மேற்குத் தொடர்ச்சி மலை மறைப்புல கடல் அப்படியே அடங்கிரும், கொச்சி வரைக்கும் இஞ்சின் போட்டுக்கூட வந்துறலாம்.

இப்ப ஆளு. தம்பி லங்காவி, பினாங்கு, புக்கெட்னு கரை தெரியுற தூரத்துல நல்லா ஓட்டுவான், ராத்திரி பகலா பத்து நாள் ஓட்டுனதில்ல. கூட வர்றேன்னு சொல்ற நண்பனும் அதே. ரெண்டே பேருன்னா நாலு மணி நேரம் முழிப்பு நாலு மணி நேரம் தூக்கம், மூணாம் நாளே மண்டை கிறுகிறுக்கும், ஒருத்தனுக்கு வாந்தி புடிச்சுட்டா இன்னொருத்தன் தனி ஆளு. மூணு பேருன்னா மூணு மணி நேரம் முழிச்சு ஆறு மணி நேரம் தூங்கலாம், அது மனுசப் பொழப்பு. இன்சூரன்ஸ்காரனும் பெரும்பாலும் இந்த மாதிரி தாண்டலுக்கு மூணு பேரக் கேப்பான், அனுபவத்தையும் கேப்பான். அபிலாஷ் டோமி 2013ல ஒத்தையா எங்கயும் நிக்காம உலகத்தச் சுத்தி வந்தாருன்னு தம்பி சொல்றான், சரிதான், அதே ஆளுக்கு 2018 செப்டம்பர்ல தெற்கு இந்தியப் பெருங்கடல்ல மாஸ்ட் ஒடஞ்சு முதுகெலும்பு அடிபட்டு படுத்த படுக்கையா கெடந்து பிரெஞ்சுக் கப்பல் வந்து தூக்குச்சு, நேவில விமானியா இருந்த அவருக்கே அப்படி. நேவியோட பாய்மரப் படகு தாரிணில உலகத்தச் சுத்தி வந்த ரெண்டு பொம்பளப் புள்ளைகள்ல ரூபா நம்ம புதுச்சேரிப் புள்ள, 2024 அக்டோபர்ல கோவால கிளம்பி 2025 மே மாசம் வந்து சேந்தாக, அதுக்கு முன்னாடி அவுக எடுத்த டிரெய்னிங் வருசக்கணக்கு. அவுகளப் பாத்து ஆசைப்படலாம், அளவு எடுக்கக் கூடாது.

அதனால கூலிக்கு ஸ்கிப்பர், அதாவது படகு ஓட்டுற கேப்டன், வைக்கிறதப் பத்தி. இதுல ரெண்டு விதம் இருக்கு. போட்டை அப்படியே ஒரு ஆளுட்ட ஒப்படைச்சுட்டு நாம ஃப்ளைட்ல வந்துர்றது ஒன்னு, நாள் கூலி, டிக்கெட், சாப்பாடு, அவரு கொண்டார ஆளோட கூலி எல்லாம் நம்ம தலைல. எனக்கு இதுல அர்த்தம் தெரியல, ஓட்டி வர்ற ஆசைக்குத்தான இவ்வளவும், அந்த ஆசைய இன்னொருத்தனுக்குக் காசு குடுத்து விக்கிறதா. இன்னொன்னு, அனுபவப்பட்ட ஒருத்தர மூணாவது ஆளா ஏத்திக்கிறது, லங்காவிலருந்து காலி வரைக்கும் மட்டும். முடிவு அவரு சொல்றதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கணும், நம்ம ஆளுகளுக்கு அதுதான் கஷ்டம், போட்டு என்னுதுன்னு ஆரம்பிச்சுருவாக. நான் இதைத்தான் சொல்லுவேன்.

கப்பல்ல ஏத்தி அனுப்புறது சுருக்கமா. 40 அடி கன்டெய்னர்ல நீளம் கொள்ளும், அகலம் கொள்ளாது, உள் அகலமே 2.35 மீட்டர்தான், போட்டு மூணு மீட்டருக்கு மேல. அதனால ஃப்ளாட் ராக் (பக்கச் சுவரில்லாத கன்டெய்னர்) இல்லன்னா டெக்ல தொட்டில் கட்டி வைக்கணும், மாஸ்டைக் கழட்டணும், போர்ட் கிளாங் வரைக்கும் கொண்டு போகணும், ஏத்த ஒரு கிரேன் எறக்க ஒரு கிரேன், பெட்டி அளவ மீறுன சரக்குன்னு தனி ரேட்டு. பர்மா தேக்கும் இத்தாலி மார்பிளும் இப்படிக் கப்பல்ல வந்துதான நம்ம வீடுகள்லாம் நிக்குது, அதுல கேவலம் ஒன்னும் இல்ல. உடம்புக்கு முடியாதவுக, லீவு கெடைக்காதவுக, போட்டு விலை கூடுனவுக இதைப் பாக்கலாம். தம்பி போட்டோட விலைக்கு இது தாங்காது.

விலைன்ன உடனே வரி. எந்த வழில வந்தாலும் இங்கயே வச்சுக்குறதுன்னா அது இறக்குமதி, கஸ்டம்ஸ் வரி, அதுக்கு மேல 2025 செப்டம்பர் 22லருந்து உல்லாச யாட்டுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். போட்டு பழசுன்னாலும் அவுக மதிப்புப் போடுறதுதான் மதிப்பு. வெளிநாட்டுக் கொடியோட சுத்திப் பாக்க வந்துட்டுத் திரும்பிப் போறது வேற கணக்கு, ஆனா ஊரோட வந்து உக்காருற ஆளுக்கு அது எவ்வளவு நாள் செல்லும்ங்கறத கொச்சில ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட்ட எழுத்துல வாங்காம லங்காவில கயிறு அவுக்கக் கூடாது. வாய்ல சொல்றத நம்பி வந்துட்டு துறைமுகத்துல போட்டு சீல் வச்சுக் கெடந்தா வெயில்ல பாய் மக்கும், மனசும் மக்கும். இன்னொன்னு, சாட்டிலைட் போன். டெலிகாம் துறை அனுமதி இல்லாம அதை இந்தியாவுக்குள்ள வச்சிருக்கறது குத்தம், கையடக்க மெசேஜ் கருவி வச்சிருந்து ஏர்போர்ட்ல புடிபட்ட டூரிஸ்டுகள் உண்டு. போட்ல இருந்தா நொழையும்போதே எழுதிக் குடுத்துறணும், ஒளிச்சு வைக்கிற வேலையே வேணாம். ஈபெர்ப் அப்படி இல்ல, அது ஆபத்துல சாட்டிலைட்டுக்கு சிக்னல் அனுப்புற கருவி, போட்டு பேருல பதிஞ்சு கட்டாயம் இருக்கணும்.

வித்துட்டு வர்றதையும் நான் கேலியா சொல்லல. லங்காவில வாங்க ஆளு இருக்கு, வித்த காசுல இங்க கீல் தூக்குற சின்னப் படகு ஒன்னு வாங்கி டிரெய்லர்ல வச்சா தொண்டிலயே எறக்கலாம், ஆழமில்லாத விரிகுடா அதுக்கு சொர்க்கம், சேறு தட்டுனா எறங்கித் தள்ளிக்கலாம். கணக்குப் புள்ளையா கேட்டா இதுதான் சரி. ஐயா இருந்தா இதைத்தான் சொல்லிருப்பாக, வட்டியோட கணக்குப் போட்டு. ஆனா தம்பிக்கு வயசு 40 தாண்டலை, ஒடம்பு நல்லாருக்கு, இந்தத் தாண்டல் ஒரு தடவதான் வரும், வரி ஏஜென்ட் சொல்ற தொகை போட்டு விலைல பாதிக்குள்ள நின்னா நான் ஓட்டிக்கிட்டே வரச் சொல்லுவேன், மேல போச்சுன்னா வித்துறச் சொல்லுவேன்.

அப்ப இப்பவே பாக்க வேண்டியது ரிக்கிங். மாஸ்டைப் புடிச்சிருக்கற கம்பி பத்துப் பன்னெண்டு வருசத்துக்கு மேலன்னா மொத்தமா மாத்தணும், பாக்க நல்லாருக்குங்கறது கணக்கில்ல. தண்ணி ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர், பத்து நாள் பயணத்துக்கு இருபது நாளைக்கு, அதுல பாதி டேங்க்ல இல்லாம தனித்தனி கேன்ல, டேங்க் கெட்டா எல்லாம் போயிறக் கூடாது. சாப்பாட்டுக்கு அவுக ஆத்தா இப்பவே புளிக்காய்ச்சல், தேங்குழல், மாவுருண்டைன்னு லிஸ்டு போட்டாச்சு, அதெல்லாம் நல்லாவே தாங்கும், அடுப்பு பத்தவைக்க முடியாத நாள்ல அதான் சோறு. ஆட்டோபைலட்டுக்கு ஸ்பேர் ஒன்னு முழுசா வாங்கி வச்சுக்கணும், அது நின்னு போனா பத்து நாளும் ராத்திரி பகலா கையாலதான் சுக்கான் புடிக்கணும், அப்புறம் மூணு பேருங்கற கணக்கும் பத்தாது.